மனநல மாத்திரை: வீட்டில் நடக்கிற தவறுகள்

"நான் நல்லாத்தானே இருக்கேன் பாப்பா, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?"

சித்தப்பா இப்படிக் கேட்டபோது வீட்டில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கும், சில காலம் சோர்ந்து விழும். அதற்கான லித்தியம் மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடையைத் திறந்தார், கணக்குப் பார்த்தார், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்தார். நன்றாகத்தான் இருந்தார். அந்தக் கார்த்திகையில் தானாகவே மாத்திரையை நிறுத்தினார். தை பிறப்பதற்குள் ராத்திரி தூக்கம் போய், கல்லாவில் இருந்த பணத்தைத் தெருவில் போகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் எல்லோரும் அவரைச் சத்தம் போட்டோம். அடுத்த தடவை இன்னும் கவனமாக மறைத்தார். இத்தனை வருடம் அவரோடு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: மாத்திரையை விடுகிறவருக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அது டாக்டரின் காதுக்குப் போவதே இல்லை. இது மனநோய்க்கு மட்டும் உள்ள பிடிவாதமும் இல்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று நாள்பட்ட நோய் எதுவானாலும், வளர்ந்த நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொல்லியிருக்கிறது.

குணமாகிவிட்டது என்று நிறுத்துவது

சித்தப்பா செய்தது இதுதான். மாத்திரை சரியாக வேலை செய்தால் நோய் இருப்பதே மறந்துபோகும், அதனால் மாத்திரையும் வேண்டாததாகத் தோன்றும். முதல் தடவை மனச்சோர்வு வந்தவர்கள்கூடத் தேறிய பிறகு ஆறிலிருந்து ஒன்பது மாதமாவது தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும். இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றால் பெரும்பாலும் இன்னும் நீண்ட கணக்கு. அதிலும் லித்தியத்தைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று விட்டால் நோய் வேகமாகத் திரும்புகிறது.

நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறுத்தத் தோன்றினால் அதையே டாக்டரிடம் கேட்கலாம்: "எனக்கு நிறுத்தணும்போல இருக்கு. எப்போ குறைக்கலாம், எப்படிக் குறைக்கலாம்?" இந்தக் கேள்விக்கு எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் சில நாட்களில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோன்ற உணர்வு எல்லாம் வரலாம். "பார், மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்" என்று பலர் மிரண்டுபோகிறார்கள். மெதுவாகக் குறைத்தால் இந்தத் தொந்தரவு பெருமளவு குறையும்.

ஆரம்பத்திலேயே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகளில் தொந்தரவு முதலில் வரும், நன்மை பின்னால் வரும். குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். மனம் லேசாவதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம். பத்தாம் நாள் தூக்கிப் போடுகிறவர் கஷ்டத்தை மட்டும் அனுபவித்துவிட்டு விலகுகிறார். ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாத விஷயம்: இந்த ஆரம்ப வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, பதற்றம் கூடினாலோ தற்கொலை எண்ணம் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தூக்க மாத்திரையை மட்டும் வைத்துக்கொள்வது

எங்கள் ஊரில் மனநல மருந்து எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், தூக்க மாத்திரை. இந்தப் பெயரால் நடக்கிற கெடுதல் கொஞ்சமில்லை. சீட்டில் மனச்சோர்வுக்கான எஸ்சிடலோபிராமும், பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கிற குளோனசெபாமும் இருக்கும். குளோனசெபாம் போட்ட ராத்திரியே தூக்கம் வருகிறது, மற்றதில் ஒன்றும் தெரியவில்லை. அதனால் காசை மிச்சம்பிடிக்க நினைக்கிறவர் எஸ்சிடலோபிராமை விட்டுவிட்டு குளோனசெபாமை மட்டும் வாங்குகிறார். நோய்க்கான மருந்து நின்றுபோய், சில வாரங்களுக்கென்று கொடுத்த மருந்து வருடக்கணக்கில் ஓடுகிறது. பழக்கமாகிவிடுவது இந்த இரண்டாவதுதான். நெடுநாள் சாப்பிட்ட பிறகு ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எந்த மாத்திரை எதற்கு என்று டாக்டரிடமோ மருந்து கொடுக்கிறவரிடமோ கேட்டு, அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.

சொல்ல வெட்கப்பட்டு நிறுத்துவது

மனச்சிதைவு போன்ற நோய்களுக்குக் கொடுக்கிற மருந்துகளில், ஓலான்சபினில் பசி எடுத்து எடை ஏறும். ரிஸ்பெரிடோனில் சில பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். ஹாலோபெரிடாலில் கை கால் இறுகும், ஒரு இடத்தில் உட்கார முடியாது. மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றில் தாம்பத்திய ஆசை குறையும். இந்தக் கடைசி விஷயத்தை, பக்கத்தில் அம்மாவோ மகனோ நிற்கும்போது யார் வாய்திறந்து சொல்வார்கள்? சொல்ல முடியாமல் மாத்திரையை விடுகிறார்கள். டாக்டரோ மருந்து கேட்கவில்லை என்று நினைத்து டோஸை ஏற்றுகிறார்.

இவை ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், இறுக்கத்துக்குத் தனி மாத்திரை தரலாம். காலையில் தூங்கி வழிந்தால் ராத்திரிக்கு மாற்றிக் கொடுக்கலாம். கூடப் போகிறவர்கள் ஐந்து நிமிடம் வெளியே நின்றாலே போதும், உள்ளே பாதி விஷயம் பேசப்பட்டுவிடும். வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்.

கல்யாணப் பேச்சும் இங்கேதான் வருகிறது. நிச்சயமானதும் பெண்ணின் மாத்திரையை வீட்டாரே நிறுத்திவிடுகிறார்கள், புகுந்த வீட்டில் தெரிந்துவிடுமாம். புது இடம், தூக்கமில்லாத சடங்குகள், கூடவே மருந்தும் இல்லை. நோய் திரும்புவதற்கு இதைவிட என்ன வேண்டும்? குழந்தை பெற நினைக்கும்போதும் தானாக நிறுத்த வேண்டாம், முன்கூட்டியே சொல்லுங்கள். உதாரணமாக, இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கிற வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கக்கூடியது. முதலிலேயே தெரிந்தால் வேறு மருந்துக்கு மாற்ற நேரம் கிடைக்கும்.

விட்டதைச் சேர்த்துப் போடுவது

நேற்று மறந்தேன், இன்று இரண்டு என்று கணக்குத் தீர்க்கக் கூடாது. சீக்கிரம் ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டியதுதான். மனச்சிதைவுக்கான க்ளோசபின் இதில் தனி ரகம். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தானாகத் தொடங்கவே கூடாது, மறுபடி மிகக் குறைந்த அளவிலிருந்து டாக்டர்தான் ஏற்றிவர வேண்டும். இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கிற லாமோட்ரிஜினும் சில நாள் தொடர்ந்து விட்டுப்போயிருந்தால் அப்படியே.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்று. லித்தியம் ஒரு உப்பு. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். வாந்தி, பேதி, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், சித்திரை வெயிலில் அலைச்சல், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் எல்லாமே ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடக்கூடும். மருந்துக் கடையில் வலிக்கு எது கேட்டாலும் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நாக்குக் குழறி, நடை தள்ளாடி, கைநடுக்கம் பெரிதானால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான்.

சாம்பாரில் கலப்பது

நோயாளிக்குத் தெரியாமல் மாத்திரையைச் சாப்பாட்டில் கலக்கிற குடும்பங்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, நாங்களும் செய்தோம். தனக்கு நோயே இல்லை என்று நம்புவது மனச்சிதைவில் நோயின் ஒரு பகுதியாகவே வரும், அப்போது வீட்டார் என்னதான் செய்வார்கள்? ஆனால் ஒருநாள் சித்தப்பா காபியில் கசப்பைக் கண்டுபிடித்தார். அதன்பின் மூன்று மாதம் வீட்டில் யார் கையாலும் சாப்பிடவில்லை. எவ்வளவு உள்ளே போனது என்பதும் நமக்குத் தெரியாது. சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. இப்படிக் கலக்கும் நிலை வந்துவிட்டால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மனச்சிதைவு போன்ற நோய்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடுகிற ஊசிகள் இருக்கின்றன. தினமும் நடக்கிற சண்டை அதோடு நிற்கும்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதற்காக மாத்திரையை விட வேண்டியதில்லை. ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. காசுதான் தடை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்து இலவசம். ராத்திரி யாரிடம் கேட்பது என்று தெரியாதபோது 14416-ஐ அழைக்கலாம், அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை, தமிழில் பேசுவார்கள்.

இப்போது சித்தப்பா மாதக் காலண்டரில் தானே குறிக்கிறார். போட்ட நாளுக்கு ஒரு டிக், விட்ட நாளுக்கு ஒரு சுழி. சுழியைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்று வீட்டில் பேசிவைத்திருக்கிறோம். காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் டாக்டரிடம் போவோம். போன மாதம் நான்கு சுழி இருந்தது. டாக்டர் ஏன் என்று கேட்டார். "டம்ளரைப் பிடிச்சா கை ஆடுது டாக்டர். பேத்தி பார்த்துட்டா" என்றார் சித்தப்பா. ரத்தத்தில் லித்தியம் அளவு பார்த்தார்கள். டோஸைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள்.