டிகிரியின் பேரைப் பாக்காம சேராதே மக்கா

மே மாதம் எங்கள் கல்லூரி அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் வரிசையில் பாதிப் பேர் சேர வந்தவர்கள், பாதிப் பேர் முடித்துப் போனவர்கள். எந்தச் சிக்கலைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஒரு அக்கா நிற்கிறாளோ, அதே சிக்கலில் போய் மாட்டப்போகும் விண்ணப்பத்தைப் பின்னால் நிற்கும் தம்பி அப்போதுதான் பூர்த்தி செய்துகொண்டிருப்பான். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். 11 வருடமாக ஜன்னலுக்கு உள்ளே இருந்து இதைப் பார்க்கிறேன். அதற்கு முன்பு நானும் வெளியே நின்றவன்தான்.

அந்த வரிசையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் சில தவறுகளை எழுதுகிறேன். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும், அரியரை அடுக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை வீட்டிலேயே மூன்று வேளையும் சொல்லுவார்கள்.

பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் சேர்வது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். காரணம், மாட்டிக்கொண்டவன் நான்.

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி உள்ளூரில் ஒழுங்காக முடித்தேன். எம்.எஸ்சி.க்கு வெளியூர் போனேன். அங்கே கெமிஸ்ட்ரி என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் அடைமொழி சேர்த்துப் புதிதாக ஒரு படிப்பு. 'வெறும் கெமிஸ்ட்ரியைவிட ஸ்கோப் ஜாஸ்தி' என்றார்கள். எனக்கும் பெயர் பிடித்திருந்தது. பிறகு பி.எட்., ஆசிரியர் பணிக்கான எழுத்துத் தேர்வு, அதிலும் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டாயிற்று. வீட்டில் வேளாப்பாறை மீன் கறி வைத்து அனுப்பினார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் மார்க் ஷீட்டைத் தொடக்கூட இல்லை. பேனா மூடியால் லேசாகத் திருப்பி, பெயர் இருந்த வரியில் நிறுத்தினார்.

"இது கெமிஸ்ட்ரியா தம்பி?"

"ஆமா சார், கெமிஸ்ட்ரிதான்."

"அப்ப கெமிஸ்ட்ரின்னுல்லா போட்டிருக்கணும்?"

சிலபஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுபோயிருந்தேன். அவர் கையை நீட்டவில்லை. "சிலபஸ் எனக்கெதுக்கு? ஜி.ஓ. இருக்கா?"

ஜி.ஓ. என்று ஒன்று வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 'இன்ன பட்டம் இன்ன பட்டத்துக்கு இணையானது' என்று உயர்கல்வித் துறை போடும் அரசாணை அது. நாம் மனு எழுதிக் கொடுத்துக் கையோடு வாங்கிவரும் காகிதம் இல்லை. பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்தைக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு அதை மூலப் படிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். அதன் பிறகுதான் அரசாணை. நான் படித்த பல்கலைக்கழகத்துக்கு நாலு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மேசை.

கடைசியில் ஆணை வந்தது. ஆனால் பிரயோஜனமில்லை. வேலைக்கான அறிவிக்கை வெளியான தேதிக்குள் போடப்பட்ட ஆணைதான் செல்லும் என்றார்கள். டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளிலும் இந்த வரி உண்டு. பொதுவாக யாரும் படிக்காத பக்கத்தில் இருக்கும். அடுத்த தேர்வு வந்தபோது எனக்கு மார்க் போதவில்லை. சவத்தை விடு என்று இந்த ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்தேன்.

எங்கள் மாவட்டத்தில் ஒரே வீட்டில் மூன்று பல்கலைக்கழகச் சான்றிதழ் இருக்கும். குமரி 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் தாத்தாவுடையது திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், அப்பாவுடையது மதுரை, பிள்ளையுடையது 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் பட்டத்தின் பெயரால் தொல்லை வந்ததாக நான் கேட்டதில்லை. கணிதம், இயற்பியல், வரலாறு என்று மொட்டையாக இருந்தது. இப்போது பெயரை வைத்துத்தான் சீட் நிரம்புகிறது. நானே அந்த வழவழ நோட்டீஸை ஜன்னல் வழியாகக் கொடுக்கிறேன், என்ன செய்ய?

ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஓர் அப்பா இஸ்ரோ தலைவர்களைச் சொல்லுவார். நம்ம ஊர்க்காரர்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். சரக்கல்விளை சிவன் நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் படித்தது பி.எஸ்சி. கணிதம். அடைமொழி கிடையாது. அதற்குப் பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல், 1980இல் முடித்தார். மேலக்காட்டுவிளை நாராயணன் டிப்ளமோ படித்தவர், 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார், வேலை பார்த்துக்கொண்டே எழுதக்கூடிய ஏ.எம்.ஐ.இ. என்ற பொறியியல் தேர்வை முடித்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். வாங்கினார். "என் மகனும் டிப்ளமோ, அதே மாதிரி ஏ.எம்.ஐ.இ. எழுதட்டுமே" என்று போன வருடம் ஒருவர் கேட்டார். 31.05.2013 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அது பி.இ.க்குச் சமம் என்ற அங்கீகாரம். அவர் காட்டிய கதவு உண்மை, பூட்டியாகிவிட்டது.

ஆகவே சேரும் முன், அந்தப் படிப்பை முடித்த ஒருவரின் மார்க் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நோட்டீஸில் இருக்கும் பெயரும் மார்க் ஷீட்டில் அச்சாகும் பெயரும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். அச்சான பெயரை டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் இருக்கும் இணைத்தன்மைப் பட்டியலில் தேடுங்கள். இணையானது, இணையற்றது, இரண்டுமே அங்கே இருக்கும். கல்லூரியில் அரசாணை எண்ணும் தேதியும் கேளுங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துரும்" என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக நினைப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். யு.ஜி.யும் பி.ஜி.யும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 'கிராஸ் மேஜர்' என்று ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள்.

அரசு வேலையே வேண்டாம், கம்பெனிக்குப் போகிறேன் என்பவனுக்கு இந்தப் பெயர்த் தொல்லை கிடையாது. ஆனால் 18 வயதில் அப்படிச் சொன்னவர்கள் 27 வயதில் குரூப் 2 விண்ணப்பத்தோடு என் ஜன்னலுக்கு வருகிறார்கள்.

பகுதி 4, 5தானே என்று விடுவது

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று கிளாஸ் போடுவதற்கு முக்கியப் பாடமான பகுதி 3 மார்க்கைத்தான் பார்க்கிறார்கள் என்பது சரி. அதற்காகச் சுற்றுச்சூழல் கல்வியையும் என்.எஸ்.எஸ்.ஸையும் விட்டுவிட்டால் பட்டமே வராது. 80 சதவீதம் வாங்கிய ஒரு பெண் ஒற்றை கிரெடிட்டுக்காக ஒரு வருடம் காத்திருந்தாள்.

தமிழ்வழிச் சான்றிதழை அப்புறம் வாங்கலாம்

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழில் இருக்க வேண்டும். டி.சி. வாங்கும் அன்றைக்கே கல்லூரியில் ஒன்று எழுதி வாங்குங்கள்; படித்த பள்ளிகளுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பள்ளியை மூடிவிட்டார்கள் என்றால் அலைச்சல் இரட்டிப்பு.

கோட்டாறு திருவிழா முடிஞ்சதும் படிக்கலாம்

முடியாது.

இனிஷியல்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படியோ அப்படியே. அழகுக்கு மாற்றாதீர்கள்.

பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்காமல் கப்பலேறுவது

புரொவிஷனல் என்ற தற்காலிகச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று வளைகுடாவுக்குப் போய்விடுவார்கள். அங்கே நல்ல வேலைக்கு மாறும்போது, பட்டம் உண்மையானதுதான் என்ற அட்டஸ்டேஷன் கேட்பார்கள். அதற்கு மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று வரிசையாக முத்திரை விழ வேண்டும். முதல் முத்திரைக்கே அசல் பட்டச் சான்றிதழ் வேண்டும்.

போன ஆடியில் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். நல்ல மழை. துணிக்கடைப் பையைப் பிரித்து, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மகனின் புரொவிஷனல், கூடவே ஒரு துண்டுச் சீட்டு. மகன் போனில் சொன்னதை அவர்களே எழுதியிருந்தார்கள். "அவனுக்கு ஒரிஜினல் வேணுமாம் சாரே, பத்து நாளுதான் இருக்காம்." மகன் முடித்துப் போய் ஆறு வருடம். விண்ணப்பமே போடவில்லை. படிவத்தைக் கொடுத்து, மகனின் கையெழுத்து வேண்டும் என்றேன். அம்மா படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, என்னிடமே நீட்டினார்கள்.

"சார், நான் அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேன், அவசரமில்லன்னு சொன்னீங்க" என்றான்.

சொல்லியிருப்பேன். அந்த வருடம் ஜன்னலில் நல்ல கூட்டம்.