ஒரு அமெரிக்க வழக்கு எந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும்? கண்டுபிடிப்பது எப்படி?

"அமெரிக்க நீதிமன்றம் தடை விதித்தது" என்று செய்தி வரும். எந்த நீதிமன்றம் என்பதுதான் பாதிச் செய்தி, அதைத்தான் பலரும் எழுதுவதில்லை. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மொத்தம் 13. ஒரு வழக்கு அதில் எதற்குப் போகும், அங்கே யார் விசாரிப்பார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எந்தத் தடம்?

நம் ஊரில் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். மத்திய சட்டம், மாநிலச் சட்டம் என்று அங்கே தனித்தனி வாசல் கிடையாது. அமெரிக்காவில் இரண்டு தடங்கள் உண்டு. கொலை, விவாகரத்து, சொத்துத் தகராறு எல்லாம் பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களில் நடக்கும், மேல்முறையீடும் அந்த மாநிலத்துக்குள்ளேயே முடியும். கூட்டாட்சிச் சட்டம் தொடர்பான கேள்வி எழுந்தால், மாநிலத்தின் உச்ச மன்றத்திலிருந்து நேரே வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். நாம் பேசும் 13 மன்றங்கள் இந்தப் பாதையில் வரவே வராது. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

வழக்கு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் (இவை மொத்தம் 94) நடந்திருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: வரைபடம்

முதல் தீர்ப்பு எந்த மாநிலத்தில் வந்தது என்று பாருங்கள். வழக்காடுபவரின் வீடு எங்கே இருக்கிறது என்பது இங்கே பொருட்டல்ல. சில மாநிலங்களைச் சேர்த்த வட்டாரத்தையும் அதன் மேல்முறையீட்டு மன்றத்தையும் சர்க்யூட் என்பார்கள். நியூ ஜெர்சி என்றால் மூன்றாவது சர்க்யூட், மன்றம் இருப்பது பிலடெல்பியாவில். டெக்சாஸ் என்றால் ஐந்தாவது, நியூ ஆர்லியன்ஸ். கலிபோர்னியா என்றால் ஒன்பதாவது, சான் பிரான்சிஸ்கோ. இந்த ஒன்பதாவது சர்க்யூட்டுக்குள் அலாஸ்கா, ஹவாய் உட்பட ஒன்பது மாநிலங்களோடு பசிபிக் தீவான குவாமும் அடக்கம்.

1891-இல் இந்த மன்றங்கள் அமைந்தபோது ஒன்பதுதான் இருந்தன. அப்புறம் வாஷிங்டன் நகருக்கு ஒன்று சேர்ந்தது. 1929-இல் எட்டாவதைப் பிரித்துப் பத்தாவதும், 1981-இல் ஐந்தாவதைப் பிரித்துப் பதினொன்றாவதும் வந்தன. ஒன்பதாவதையும் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு பல காலமாக ஓடுகிறது, இன்னும் நடக்கவில்லை.

படி 3: விதிவிலக்கா?

காப்புரிமை வழக்கென்றால் வரைபடத்தை மூடிவிடுங்கள். எந்த மாநிலத்தில் தொடங்கியிருந்தாலும் அது 1982-இல் தொடங்கிய ஃபெடரல் சர்க்யூட்டுக்குத்தான் போகும். குடியேற்ற மேல்முறையீட்டு வாரியத்தின் உத்தரவு மாவட்ட நீதிமன்றத்தைத் தொடாமல் நேராக சர்க்யூட்டுக்கு வரும். வாஷிங்டனின் டி.சி. சர்க்யூட்டுக்கு ஒரு நகரம்தான் எல்லை. ஆனால் மத்திய அரசு அமைப்புகளின் விதிகளை எதிர்க்கும் பெரிய வழக்குகள் பல அங்கேதான் வந்து சேர்கின்றன.

படி 4: கெடு

சிவில் வழக்கில் 30 நாள், அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவருக்கு 14 நாள்தான். மேல்முறையீட்டு அறிவிப்பைத் தீர்ப்புச் சொன்ன மாவட்ட நீதிமன்றத்திலேயே கொடுக்க வேண்டும். மேல்மன்றத்தில் புதிய சாட்சி கிடையாது, கீழே பதிவானதை வைத்துத்தான் வாதம்.

படி 5: யார் விசாரிப்பார்கள்?

மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு. பெரும்பாலும் குலுக்கல் முறையில் அமையும் என்பதால் யார் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எல்லா மன்றங்களிலும் சேர்த்து 179 பதவிகள் உண்டு. ஒன்பதாவதில் 29, பாஸ்டனில் உள்ள முதல் சர்க்யூட்டில் வெறும் 6. அதிபர் பரிந்துரைப்பார், செனட் உறுதி செய்யும், பதவி ஆயுள் முழுக்க. வயதும் பணிக்காலமும் நிறைந்தவர்கள் மூத்த நீதிபதி என்ற நிலைக்குப் போய், குறைந்த வழக்குகளோடு தொடரலாம்.

தலைமை நீதிபதியை அதிபர் நியமிப்பதில்லை. 65 வயதுக்குட்பட்டவர்களில் பணியில் மூத்தவர் தானாக அந்த இடத்துக்கு வருவார், அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். டி.சி. சர்க்யூட்டில் 2020-இல் அப்படி வந்தவர் ஸ்ரீ ஸ்ரீநிவாசன். சண்டிகரில் பிறந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். 2013-இல் செனட் அவரை 97-0 என்று உறுதி செய்தது. இன்றைய செனட்டில் இப்படி ஒரு எண்ணிக்கையைக் கற்பனை செய்வதே கஷ்டம்.

மூவர் தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் முழு அமர்வைக் கேட்கலாம், ஆனால் அரிதாகத்தான் கிடைக்கும். ஒன்பதாவதில் 29 பேரையும் ஒன்றாக உட்கார வைப்பது சிரமம். அதனால் தலைமை நீதிபதியும் குலுக்கலில் வரும் பத்துப் பேரும் என 11 பேர் அமர்வார்கள்.

பயிற்சிக்கு ஒரு வழக்கு

புகலிடம் தேடி எல்லையைக் கடந்து கலிபோர்னியாவுக்குள் வந்தார் ஒரு இலங்கைத் தமிழர். விரைவு வெளியேற்ற உத்தரவு வந்தது. கலிபோர்னியாவின் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார், தள்ளுபடி. இப்போது நீங்களே சொல்லுங்கள், அடுத்து எங்கே? ஒன்பதாவது சர்க்யூட். அங்கே 2019-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் இப்படிப்பட்ட உத்தரவை ஆட்கொணர்வு மனு மூலம் எதிர்க்க முடியுமா என்ற அதே கேள்வியில் மூன்றாவது சர்க்யூட் 2016-லேயே நேர்மாறாகச் சொல்லியிருந்தது. ஒரு சர்க்யூட்டின் தீர்ப்பு இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது. எனவே ஒரே சட்டத்துக்கு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொருள், பிலடெல்பியாவில் வேறு பொருள். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டு, 2020 ஜூனில் 7-2 என்ற கணக்கில் ஒன்பதாவது சர்க்யூட்டின் தீர்ப்பை ரத்து செய்தது.