நியூட்ரான் விண்மீன் ஆறும் வேகத்திலிருந்து ஆக்ஸியானுக்கு வரம்பு காண்பது எப்படி?

மதுரைத் தெருவோரத்தில் பருத்திப்பால் விற்பவரின் அண்டாவைக் கவனித்திருப்பீர்கள். மேலே ஆடை படிந்து ஆறிவிட்டதுபோல் தோன்றினாலும், அடிவரை கரண்டியை விட்டு அள்ளி ஊற்றும் பால் நாக்கைச் சுட்டுவிடும். உள்ளே இருக்கும் சூடு மேற்பரப்புக்கு வந்துதான் வெளியேற வேண்டும். பெருவிண்மீன் வெடித்தபின் மிஞ்சும் செறிந்த கருவான நியூட்ரான் விண்மீனுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஏறக்குறைய முதல் 1 லட்சம் ஆண்டுகளுக்கு, அதன் வெப்பத்தில் பெரும்பகுதியை, பொருளோடு அரிதாகவே மோதும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் உள்ளகத்திலிருந்து நேராகவே எடுத்துச் சென்றுவிடுகின்றன. 1977, 1978 ஆம் ஆண்டுகளின் கோட்பாடுகளிலிருந்து பிறந்த ஆக்ஸியான் என்னும் துகள் உண்மையில் இருந்தால், அதுவும் இதே வழியில் வெப்பத்தைக் கொண்டுபோகும். அப்படிக் கூடுதலாக ஆறியதற்கான அடையாளம் விண்மீனில் இல்லையென்றால், ஆக்ஸியானின் பிணைப்பு வலிமை, அதாவது அது மற்றத் துகள்களோடு வினைபுரியும் வலிமை, ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்ட முடியாது.

முதலில் சமன்பாட்டை அமைத்துக்கொள்ளுங்கள். வெப்ப ஏற்புத்திறனை வெப்பநிலை மாறும் வீதத்தால் பெருக்கினால், நியூட்ரினோ, ஆக்ஸியான், ஒளி ஆகிய மூன்றின் வழியாக நொடிதோறும் இழக்கும் ஆற்றல் கிடைக்கும். உள்ளகம் 100 கோடி கெல்வினில் இருக்கும்போது வெப்ப ஏற்புத்திறனைக் கெல்வினுக்கு 10இன் 39ஆம் அடுக்கு எர்க் என்றும், நியூட்ரினோ இழப்பை நொடிக்கு 10இன் 40ஆம் அடுக்கு எர்க் என்றும் வைத்துக்கொள்ளலாம். முன்னது வெப்பநிலைக்கு நேர்விகிதமாகவும், பின்னது வெப்பநிலையின் 8ஆம் அடுக்காகவும் மாறும். நியூட்ரான் விண்மீன் ஆறுவதைக் கணிக்கும் என்எஸ்கூல் என்னும் ஃபோர்ட்ரான் நிரல் சிறந்ததுதான் என்றாலும் அதை முதல் நாளே தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பைத்தானில் சைபை நூலகம் தரும், வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ராடாவ் முறையை எடுத்து, வெப்பநிலைக்குப் பதிலாக அதன் மடக்கையை மாறியாக வைத்து எழுதினால் இருபது வரிகளில் முடிந்துவிடும். ஆக்ஸியானையும் ஒளியையும் அணைத்துவிட்டு ஓட்டுங்கள். 1 லட்சம் ஆண்டில் சுமார் 13 கோடி கெல்வின் வரவில்லையென்றால் அலகுகளில் பிழை இருக்கிறது.

அடுத்து ஆக்ஸியானைச் சேருங்கள். நியூட்ரான்கள் மோதும்போது வெளிப்படும் ஆக்ஸியான்கள் எடுத்துச்செல்லும் ஆற்றல், பிணைப்பு வலிமையின் இருமடிக்கும் வெப்பநிலையின் 6ஆம் அடுக்குக்கும் நேர்விகிதமானது. வெப்பநிலை பாதியானால் நியூட்ரினோ இழப்பு 256 மடங்கு சரிகிறது, ஆக்ஸியான் இழப்போ 64 மடங்குதான் சரிகிறது. வயது முதிர்ந்த விண்மீன்களில் ஆக்ஸியானின் தடம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மூன்று வாரம் என்னை நிறுத்தி வைத்த இடம் இனிமேல்தான் வருகிறது. 1.4 சூரிய நிறையும் 12 கிலோமீட்டர் ஆரமும் கொண்ட விண்மீனின் பரப்பு 10 லட்சம் கெல்வினில் இருந்தால், ஈர்ப்பை மீறி வெளிவரும் ஒளி ஆற்றல் இழக்கும் ஈர்ப்புச் செம்பெயர்ச்சியால் நமக்கு அது 8.1 லட்சமாகவே தெரியும். ஆய்வுக்கட்டுரையில் கண்ட எண்ணை அப்படியே பரப்பு வெப்பநிலையாக எடுத்துக்கொண்டு உள்ளகத்தைக் கணக்கிட்டேன். உள்ளகத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய மேலுறையைக் கடக்கும்போது உள்ளக வெப்பநிலை பரப்பு வெப்பநிலையின் ஏறத்தாழ 1.82ஆம் அடுக்காக மாறுவதால், எனக்குக் கிடைத்த உள்ளகம் மூன்றில் ஒரு பங்கு குளிர்ந்திருந்தது. நியூட்ரினோக் காலத்தில் அந்த வெப்பநிலையை எட்டப் பத்து மடங்கு காலம் தேவைப்படும். ஆகவே ஆக்ஸியானே அதை ஆற்றிவிட்டதுபோல் வரைபடம் காட்டியது. வெப்பநிலையை 0.81ஆலும், ஒளிர்திறனை 0.66ஆலும் வகுத்த பிறகே அந்த மாயம் நீங்கியது. ஒரு தரவைப் பதிவிறக்கியதும் அது விண்மீனின் பரப்பில் உள்ள மதிப்பா, தொலைவிலிருந்து காணும் மதிப்பா என்று மாறியின் பெயரிலேயே எழுதிவையுங்கள்.

கூடுதலாக ஆறுவதெல்லாம் ஆக்ஸியானின் வேலையும் அல்ல. காசியோபியா ஏ என்னும் விண்மீன் வெடிப்பு எச்சத்தின் நடுவிலுள்ள விண்மீன் வேகமாகக் குளிர்வதாகச் சந்திரா தொலைநோக்கியின் தரவுகளைக் கொண்டு 2010இல் அறிவித்தபோது, நியூட்ரான்கள் உராய்வின்றிப் பாயும் மீபாய்மமாக மாறுகையில் பெருகும் நியூட்ரினோக்களே அதற்குப் போதுமான விளக்கமாக முன்வைக்கப்பட்டன. 2022இல் மால்டே புஷ்மனும் உடன் ஆய்வாளர்களும், தனித்திருக்கும் முதிய நியூட்ரான் விண்மீன்கள் ஐந்தைக் கொண்டு, பிணைப்பு வலிமை நிறைக்கு நேர்விகிதமாக அமையும் கேஎஸ்விஇசட் என்னும் ஆக்ஸியான் மாதிரியில் ஆக்ஸியானின் நிறை சுமார் 16 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் இருக்க முடியாது என்று காட்டினார்கள். நிறை, மேலுறை, மீபாய்மம் ஆகியவற்றை மாற்றி மாற்றி ஓட்டிய பிறகே நீங்களும் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த மாணவி ஒருவர், தம் மாதிரி விண்மீன் உண்மையானதைவிட மிகவும் குளிர்ந்து போவதாக எழுதியிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது ஆர்எக்ஸ் ஜே1856.5−3754 என்னும் நியூட்ரான் விண்மீன். ஜூலை நள்ளிரவில் நம் மொட்டை மாடியிலிருந்து தெற்கே சுமார் 42 பாகை உயரத்தில் நிற்கும் தென்மகுடம் என்னும் விண்மீன் குழுவில்தான் அது இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. சுழற்சி மந்தமாவதிலிருந்து கணிக்கும் வயது சுமார் 40 லட்சம் ஆண்டு, நகர்வைப் பின்னோக்கிப் பிறந்த இடம்வரை தொடர்ந்து கணிக்கும் வயது சுமார் 4 லட்சம் ஆண்டு. அவர் முன்னதை இட்டிருந்தார். அந்த வயதோடு ஒப்பிட்டால் விண்மீன் மிதமிஞ்சிய சூட்டோடு இருப்பதாகத் தோன்றி, ஆக்ஸியானுக்குத் தகாத அளவு கடுமையான வரம்பு வந்துவிடும். நகர்வு வயதையே இடுங்கள்.