பழுக்காத வீக்கம்: காலில் சிவப்பு பரவினால் என்ன செய்வது

செம்பனை முள் குத்திய கால் வீங்கினாலும், பூட்ஸுக்குள் நாள் முழுக்க ஊறிய சேற்றுப்புண் சிவந்தாலும், மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் முதலில் வரும் பேச்சு, "பழுக்கட்டும், சீழ் வெளியானால் சரியாகிவிடும்." கட்டிக்கு அது ஓரளவு பொருந்தும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் வீக்கம் பழுப்பதில்லை, பரவும்.

காரணம், அது சுரக்கும் நொதிகள். ஸ்டெஃபிலோகாக்கஸ் தன்னைச் சுற்றி ரத்தத்தை உறையவைத்து ஒரே இடத்தில் கட்டியாக உட்காரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நேர் எதிர். கிருமியை மடக்க உடல் போடும் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் நார்) வேலியை அதன் ஸ்ட்ரெப்டோகைனேஸ் கரைத்துவிடும். அதுவும் நம் ரத்தத்தில் உள்ள, உறைந்ததைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜனையே தூண்டிவிட்டு. (மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கப் போடும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் இந்தக் கிருமிக் குடும்பத்தின் சரக்குதான்.) ஹயலூரானிடேஸ், திசுக்களுக்கு இடையில் இருக்கும் பசையை அறுக்கும். வெள்ளையணுக்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசினால், டிஎன்ஏஸ் அதை நறுக்கும். சி5ஏ பெப்டிடேஸ், வெள்ளையணுக்களைக் கூப்பிடும் சமிக்ஞையையே வெட்டும். இப்படி இருக்கையில் கெட்டிச் சீழ் எங்கே சேரும்?

புண்ணை ஓடும் குழாய் நீரில் சோப்பு போட்டு 5 நிமிடம் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள், காப்பித்தூள் வேண்டாம். கோடாலித் தைலம் தேய்த்து உருவுவது அதைவிட மோசம். புண்ணில் கை படவே கூடாது.

சிவப்பின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியும் மணியும் எழுதுங்கள். காத்திருப்பதற்காக அல்ல. அன்றே கிளினிக்குக்குப் போகும்போது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை டாக்டருக்குச் சொல்வது அந்தக் கோடுதான். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தாலோ, சிவப்புக் கீற்று மேலே ஏறினாலோ, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருந்தாலோ அதையும் சொல்லுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அதுவே முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

டாக்டர் தரும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை பொதுவாக 5 முதல் 7 நாள். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்து, காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். வீக்கம் வடிய அது பெரிய உதவி. முதல் நாள் சிவப்பு கோட்டைச் சற்றுத் தாண்டுவதுண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். 48 மணி நேரம் கழித்தும் ஏறினால் திரும்பிப் போங்கள்.

பார்க்க அவ்வளவு இல்லை, வலி மட்டும் தாங்க முடியவில்லை என்றால் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். தோல் ஊதா நிறமாவது, கொப்புளம், மரத்துப்போவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 999. தோலுக்கடியில் தசை உறை அழுகிக்கொண்டிருக்கலாம். வீட்டில் கிடக்கும் வலி மாத்திரை போன்ஸ்தானைப் போட்டு வலியை அடக்கினால் இந்த எச்சரிக்கையே மறைந்துவிடும். இந்நிலையில் மருத்துவமனையில் அறுவையோடு, பெனிசிலினுடன் கிளிண்டமைசினையும் சேர்ப்பார்கள். பெனிசிலின் வளரும் கிருமியின் சுவரை உடைக்கும். கிளிண்டமைசின் கிருமி புரதம் செய்வதையே நிறுத்தும். நொதியும் நச்சும் புரதம்தானே.

பிள்ளைகளுக்குத் தோல் புண் ஆறி 3 வாரம் போன பிறகும் கவனம் தேவை. காலையில் முகம் ஊதி, சிறுநீர் தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது, இந்தக் கிருமிக்கு எதிராக உடல் செய்யும் எதிர்ப்புப் பொருளை அளக்கும் ஏஎஸ்ஓ ரத்தச் சோதனை மட்டும் போதாது. தோல் புண்ணுக்குப் பிறகு அது பெரும்பாலும் உயர்வதில்லை. கிருமியின் டிஎன்ஏஸ் நொதிக்கு எதிரான பொருளை அளக்கும் ஆன்டி டிஎன்ஏஸ் பி சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

அதே காலில் திரும்பத் திரும்ப வந்தால் விரலிடுக்கைப் பாருங்கள். சேற்றுப்புண் வெடிப்புதான் கிருமி நுழையும் வாசல். பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் கிரீம் நாளைக்கு 2 முறை, 4 வாரம். வேலை முடிந்ததும் விரலிடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள். ஈர பூட்ஸை மறுநாள் அப்படியே மாட்டாதீர்கள்.