படத்துக்குப் பதில் ‘லிமிட்’ என்று வந்தால்: ஏஐ படம் செய்யப் புதிதாக வந்தவர்களுக்கு

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா போனோடு வந்தார். மகளுக்கு வளைகாப்பு. அழைப்பிதழில் போட ஏஐ தளம் ஒன்றில் படம் செய்துகொண்டிருந்தாராம்: தாம்பாளத்தில் கண்ணாடி வளையல், வெற்றிலை பாக்கு, பின்னால் சாமந்தித் தோரணம். எட்டுப் படம் வந்திருக்கிறது. அப்புறம் படத்துக்குப் பதில் சிவப்பில் ஒரு வரி. “நெட்டு போயிடுச்சுன்னு நினைச்சு இருபது தடவை அமுக்கிட்டேன் தம்பி. இப்ப வேற என்னமோ சொல்லுது” என்றார்.

நெட்டில் ஒரு கோளாறும் இல்லை. முதலில் வந்தது ஒரு பிரச்சினை. அமுக்கி அமுக்கி வரவழைத்தது இரண்டாவது. லிமிட் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் நாலைந்து காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அன்று அக்காவின் போனில் செய்ததையே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: பட்டனிலிருந்து கையை எடுங்கள்

ஜெனரேட் பட்டனை மறுபடி அமுக்க வேண்டாம். சில தளங்களில் மறுக்கப்பட்ட முயற்சியும் எண்ணிக்கையில் சேரும். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்வதற்கு முன் பிராம்ப்டை, அதாவது என்ன படம் வேண்டும் என்று நீங்கள் எழுதியதை, காப்பி எடுத்து நோட்ஸில் ஒட்டி வையுங்கள். அரை மணி நேரம் யோசித்து எழுதியது ஒரு ரெஃப்ரெஷில் காணாமல் போய்விடும். வந்த செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மணியும் தெரியும்படி.

படி 2: செய்தியை வாசியுங்கள்

ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதாலேயே பலர் வாசிக்காமல் மூடிவிடுகிறார்கள். முழுவதும் புரிய வேண்டியதில்லை, சில சொற்களைத் தேடினால் போதும்.

‘டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்’ என்றோ 429 என்றோ இருந்தால், குறைந்த நேரத்தில் அதிகமாகக் கேட்டுவிட்டீர்கள் என்று பொருள். 429 என்பது ஒரு தளம் தானாக வைத்துக்கொண்ட எண் அல்ல. இணையம் முழுவதற்கும் பொதுவாக 2012-இல் வரையறுத்த குறியீடு. எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்று தளமே சில நேரம் சொல்லும். சொல்லாவிட்டால் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு ஒரே ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இது தானாகச் சரியாகிவிடும்.

‘கிரெடிட்ஸ்’, ‘கோட்டா’, ‘டெய்லி லிமிட்’ என்ற சொற்கள் இருந்தால், படம் செய்யத் தளம் தரும் புள்ளிகளில் (அவைதான் கிரெடிட்) உங்கள் பங்கு தீர்ந்தது, அல்லது போதவில்லை. அடுத்த படிக்குப் போங்கள்.

‘கெப்பாசிட்டி’, ‘ஹை டிமாண்ட்’, 503 என்று வந்தால் தளத்தில் கூட்டம். உங்கள் கணக்கில் குறை எதுவும் இல்லை. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் புதிய பட வசதி வந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் படம் கேட்டார்கள். ஜிபியுக்கள் (படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் சிப்புகள்) உருகுகின்றன என்று ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் எழுதி, தற்காலிகக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். கூட்டம்தான் காரணம் என்றால் அமெரிக்கா தூங்கும் நேரத்தில், அதாவது நமக்கு முற்பகலில் அல்லது மதியத்தில், முயன்று பாருங்கள்.

‘பாலிசி’, ‘பிளாக்ட்’ என்று இருந்தால் அது லிமிட்டே இல்லை. பிராம்ப்டில் ஏதோ ஒரு சொல் பிடிக்கவில்லை. சூரசம்ஹாரக் காட்சி கேட்டால்கூட ரத்தம், வெட்டு என்ற சொற்களுக்காகத் தடுக்கப்படலாம். சொல்லை மாற்றுங்கள். அதையே திரும்பத் திரும்ப அனுப்பினால் கணக்கையே முடக்க வாய்ப்புண்டு.

அக்காவுக்கு முதலில் வந்தது கிரெடிட் செய்தி. இருபது தடவை அமுக்கிய பிறகு வந்தது 429.

படி 3: மீதி எவ்வளவு, ஒரு தடவைக்கு எவ்வளவு

மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டால் ‘யூசேஜ்’, ‘கிரெடிட்ஸ்’ அல்லது ‘பில்லிங்’ என்று ஒன்று இருக்கும். அக்காவின் கணக்கில் ஒரு நாளைக்குப் பத்து கிரெடிட், மீதி இரண்டு. “ரெண்டு இருக்குல்ல, அப்புறம் ஏன் தரமாட்டேங்குது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பதில் பிராம்ப்ட் பெட்டிக்குக் கீழே, செட்டிங்ஸில் இருந்தது. ‘நம்பர் ஆஃப் இமேஜஸ்’ என்ற இடத்தில் 4. அதாவது ஒரு அமுக்குக்கு நாலு படம், நாலு கிரெடிட். இரண்டு அமுக்கில் எட்டு போய்விட்டது. மூன்றாவதுக்கு நாலு வேண்டும், கையில் இருந்ததோ இரண்டு. அதை 1 என்று மாற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து அமுக்கச் சொன்னேன். படம் வந்தது.

இந்த ஒரு செட்டிங்கை முதல் நாளே பார்த்துவிடுங்கள். பெரிய அளவுப் படம், அப்ஸ்கேல் (வந்த படத்தைப் பெரிதாக்குவது), உயர்ரக மாடல் இவற்றுக்கும் பல தளங்களில் கூடுதலாகக் கழிப்பார்கள். எல்லா இடத்திலும் படக் கணக்கும் இல்லை. மிட்ஜர்னி என்ற படத் தளத்தில் கணக்கு நேரத்தில் ஓடுகிறது: 10 டாலர் திட்டத்தில் மாதத்துக்குச் சுமார் 200 நிமிட வேக நேரம் (படத்தை விரைவாகச் செய்து தரும் நேரம்), மீதம் வைத்தால் அடுத்த மாதத்துக்கு வராது.

படி 4: எப்போது திரும்ப வரும்

நம்மில் பலர் இரவு 12 மணிக்கு முழித்திருந்து ஏமாறுகிறோம். தளத்தின் நள்ளிரவு வேறு, நம் நள்ளிரவு வேறு. யுடிசி (உலகப் பொது நேரம்) படி ரீசெட் ஆகும் தளம் என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 5:30, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை 8 மணி. கூகுளின் ஜெமினி ஏபிஐ-யில் (மற்ற செயலிகள் ஜெமினி ஏஐ-யைப் பயன்படுத்தும் வழி) நாள் கணக்கு அமெரிக்காவின் பசிபிக் நேர நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது. அது நமக்கு அவர்களின் கோடையில் பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30.

இன்னொரு முறையும் உண்டு. கடைசி 24 மணி நேரத்தில் எத்தனை செய்தீர்கள் என்று பார்ப்பது. அதில் நள்ளிரவுக்கு வேலையே இல்லை. நேற்று இரவு 9 மணிக்குச் செய்த படத்தின் இடம் இன்று இரவு 9 மணிக்குத்தான் காலியாகும். ஸ்கிரீன்ஷாட்டில் மணி தெரியட்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

படி 5: மீதி இருந்தும் லிமிட் என்றால்

எந்த மெயிலில் லாகின் ஆகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பணம் கட்டியது ஒரு மெயிலில், திறந்திருப்பது இன்னொரு மெயிலில் என்பது அடிக்கடி நடக்கிறது. விபிஎன் (உங்கள் இணைய முகவரியை மறைக்கும் செயலி) இருந்தால் அணையுங்கள். ஹாஸ்டல், ஆபீஸ் வைஃபையில் எல்லோரும் வெளியே ஒரே ஐபி முகவரியாக (இணைய இணைப்பின் அடையாள எண்) தெரிவார்கள். யாரோ செய்த படம் உங்கள் கணக்கில் ஏறியதுபோல் ஆகலாம். மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். மொபைல் நெட்வொர்க்கிலும் ஒரு முகவரியைப் பலர் பகிர்வதுண்டு என்பதால், அங்கே லிமிட் வந்தால் வைஃபைக்கு மாறுங்கள்.

மாதச் சந்தா கட்டுபவர்கள் பணம் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். இந்திய கார்டுகளில் தானாகப் பிடிக்கும் தொகைக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபரிலிருந்து கடுமையாகின. வெளிநாட்டுச் சந்தா நின்றுபோனால் கணக்கு இலவசத் திட்டத்துக்கு இறங்கிவிடும், பழைய லிமிட் வந்து நிற்கும்.

எதுவும் பொருந்தவில்லை என்றால் ஸ்கிரீன்ஷாட், மணி, கணக்கின் மெயில் முகவரி மூன்றையும் வைத்துத் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். ‘அன்லிமிடெட்’ தருவதாகச் சொல்லும் ஏபிகே (போனில் நேரடியாக நிறுவும் செயலிக் கோப்பு), பிரவுசர் எக்ஸ்டென்ஷன் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். லாகினையும் போட்டோக்களையும் முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கிற வேலை அது. ஐந்து மெயிலில் ஐந்து கணக்கு திறப்பதையும் பல தளங்களின் விதி தடுக்கிறது, பிடித்தால் எல்லாமே போகும்.

கிரெடிட் எங்கே வீணாகிறது

அக்கா இரண்டாம் முறை ஏன் அமுக்கினார் தெரியுமா? முதல் நாலு படமும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் ‘வளைகாப்பு’ என்ற எழுத்து சிதைந்திருந்தது. ‘ளை’ இருக்க வேண்டிய இடத்தில் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சுழி. அதைத் திருத்தத்தான் மறுபடி மறுபடி முயன்றிருக்கிறார். பல ஏஐ கருவிகளுக்குத் தமிழ் எழுத்து இன்னும் சரியாக வருவதில்லை. தமிழில் படம் செய்பவர்களின் கிரெடிட்டைத் தின்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே எழுத்தை ஏஐ-யிடம் கேட்காதீர்கள். ‘மேல் பகுதி காலியாக இருக்கட்டும், எழுத்து எதுவும் வேண்டாம்’ என்று பிராம்ப்டில் எழுதிப் படத்தை மட்டும் வாங்குங்கள். எழுத்தை கேன்வா போன்ற செயலியில் தமிழ் எழுத்துருவில் நீங்களே வையுங்கள். அக்காவின் முதல் நாலில் ஒன்றையே எடுத்து, சிதைந்த எழுத்துக்கு மேல் மஞ்சள் பட்டை ஒன்று வைத்து, அதில் மகள் பெயரையும் தேதியையும் போட்டோம். பத்து நிமிட வேலை.

மறுநாள் காலை 5:40-க்கு அக்காவிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. மீதி என்ற இடத்தில் 10.