விண்வெளிக் காதல் கதையைப் பல குரல்களில் ஒலிப்புத்தகமாக்குவது எப்படி

அறிவியல் புனைகதை, அதற்குள் ஒரு காதல், அதற்கு ஏழெட்டுக் குரல்கள். கேட்க ஆசையாக இருக்கும், செய்ய உட்கார்ந்தால் முதல் வாரமே தலை சுற்றும். நான் முதல் முறை செய்தபோது நாயகனையும் நாயகியையும் தனித்தனி நாளில், தனித்தனி அறையில் பேசவைத்து வரி வரியாக ஒட்டினேன். இருவருமே அருமையாகப் பேசியிருந்தார்கள். சேர்த்துக் கேட்டால் இரண்டு பேர் மாறி மாறி அறிவிப்பு வாசிப்பது போல இருந்தது, ஒருவர் பேசியதை மற்றவர் காதில் வாங்கவே இல்லை என்று அப்பட்டமாகத் தெரிந்தது. அதனால் மற்ற எல்லாவற்றையும் சிக்கனமாகச் செய்யுங்கள், அந்த இருவரை மட்டும் சேர்த்துப் பேசவையுங்கள் என்பதுதான் என் கட்சி.

எத்தனை குரல் என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். அவள் பார்வையில் ஓர் அத்தியாயம், அவன் பார்வையில் ஓர் அத்தியாயம் என்று கதை போனால் ஆளுக்கொரு அத்தியாயத்தை முழுதாக வாசிக்கலாம், வேலை குறைவு, ஆனால் அவள் அத்தியாயத்தில் அவன் வசனத்தையும் அவளே பேச வேண்டும். யார் அத்தியாயமானாலும் அவரவர் வசனத்தை அவரவரே பேசுவது இன்னொரு வழி. கடைசி வழி, பாத்திரத்துக்கு ஒரு ஆள், நடுவில் ஒரு கதைசொல்லி. இதை எடுத்தால் முக்கியக் குரல்களை ஐந்தாறோடு நிறுத்திக்கொள்ளுங்கள், காவலாளி, மருத்துவர், கதவு திறக்கும் கணினி எல்லாவற்றையும் ஒருவரே மாற்றிப் பேசிவிடலாம். குரல் தேர்வில் எல்லோரையும் ஒரே வரியைப் பேசச் சொல்லி, அடுத்தடுத்து ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டு பேர் குழம்பினால், எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும், ஒருவரை மாற்றியே ஆக வேண்டும்.

அப்புறம் எழுத்துப்படி. புத்தகத்தை அப்படியே நடிகர் கையில் கொடுக்காதீர்கள். "என்றாள்", "என்று கேட்டான்" எல்லாவற்றையும் பாதிக்கு மேல் வெட்டலாம். "சிரித்தபடி சொன்னாள்" என்று இருந்தால் அதை வெட்டி நடிகருக்கான குறிப்பாக ஓரத்தில் எழுதுங்கள். கதைசொல்லிக்கு எழுத்துத் தமிழ், வசனத்துக்குப் பேச்சுத் தமிழ் என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு: கப்பல் கணினியையோ வேற்றுக்கிரகவாசியையோ இலக்கணத் தமிழில் பேசவிட்டால், எந்த எஃபெக்டும் போடாமலே அது வேறு ஆள் என்று புரிந்துவிடும். காதலிப்பதே அந்த வேற்றுக்கிரகவாசிதான் என்றால், அத்தியாயம் போகப் போக அதன் "வந்திருக்கிறேன்" மெல்ல "வந்திருக்கேன்" ஆகட்டும். மனிதர்களுக்குள் என்றால் "நீங்க" எந்த வரியில் "நீ" ஆகிறது என்று சிவப்பு மையால் குறித்துவைப்பேன், என்னைக் கேட்டால் காதல் காட்சியே அதுதான், முத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான். யாராவது வாய் தவறி நாலு அத்தியாயம் முன்னாலேயே "நீ" என்றுவிட்டால் கட்டியதெல்லாம் போச்சு.

கற்பனைப் பெயர்கள் இன்னொரு வம்பு. "கடோப்" என்று ஒரு கிரகத்துக்குப் பெயர் வைத்தால், கடலில் வரும் க-வா கங்கையில் வரும் க-வா என்று எழுத்தைப் பார்த்து யாருக்கும் தெரியாது, ஐந்து பேர் ஐந்து கிரகத்துக்குப் போவார்கள். எழுதியவரே எல்லாப் பெயர்களையும் ஒருமுறை பேசிப் பதிவு செய்து அனைவருக்கும் அனுப்பிவிடுவது நல்லது.

ரெக்கார்டிங்குக்கு ஸ்டூடியோ கட்டாயமில்லை. துணி நிறைந்த அலமாரி இருக்கும் சிறிய அறை போதும், மைக் வாயிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண், முன்னால் ஒரு பாப் ஃபில்டர் ("ப" போன்ற ஒலிகளின் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை), அடாசிட்டி போன்ற இலவச மென்பொருள். எல்லோரும் 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ, வேவ் கோப்பு என்று ஒரே அமைப்பில் எடுக்க வேண்டும், ஒவ்வொருவரும் தங்கள் அறையின் வெறும் அமைதியைப் பத்து நொடி எடுத்து அனுப்ப வேண்டும், ஏனென்றால் வசனங்களுக்கு இடையே அதைத்தான் நிரப்பப் போகிறீர்கள். காதலர்கள் வெவ்வேறு ஊரில் இருந்தால் இணைய அழைப்பில் ஹெட்போனோடு ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு பேசட்டும், ஆனால் ரெக்கார்டிங் அவரவர் கணினியிலேயே நடக்கட்டும். ஆரம்பத்தில் ஆளுக்கு ஒருமுறை கைதட்டினால் இரண்டு கோப்புகளையும் பொருத்துவது சுலபம், அழைப்பின் தாமதத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். நெருக்கமான காட்சி என்ன, எவ்வளவு தூரம், அப்போது யார் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதை நடிகர்களிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். தயவுசெய்து முத்தச் சத்தம் மட்டும் வேண்டாம், ஒரு மூச்சு பாதியில் நின்றாலே கேட்பவருக்குப் போதும்.

அறிவியலும் இதற்கு உதவும். நிலவுக்கு ஒளி போக 1.3 நொடி, ஆக அங்கே இருப்பவளிடம் ஒன்று கேட்டால் பதில் வர இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு அந்த இரண்டரை நொடியை எடிட்டிங்கில் வெட்டாமல் விட்டுப் பாருங்கள்! செவ்வாய் என்றால் ஒரு வழிக்கே 3 முதல் 22 நிமிடம் வரை, உரையாடலே நடக்காது, குரல் கடிதங்களாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

எஃபெக்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. வெற்றிடத்தில் ஒலி பரவாது, எனவே வெளியே வேறொரு கப்பல் வெடித்தாலும் உள்ளே சத்தமே கேட்காது. ஹெல்மெட் குரலுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3,400-க்கு மேலேயும் வெட்டினால் பழைய தொலைபேசி போலக் கேட்கும், முதல் இரண்டு வரிக்கு அழுத்தமாகப் போட்டுவிட்டு மெல்லக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காது களைத்துவிடும். எஞ்சின் உறுமலை இருவரும் மனம்விட்டுப் பேசத் தொடங்குவதற்கு முன்பே மங்கவிடுங்கள்.

கடைசி அளவுகளுக்கு ஆடிபிள் என்ற ஒலிப்புத்தக நிறுவனத்தின் வெளியீட்டுத் தளமான ஏசிஎக்ஸ் கேட்பதைப் பின்பற்றலாம்: சராசரி ஒலி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் இடையே, உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே, ஒரு கோப்பு 120 நிமிடத்துக்குள். குரலைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதையும், எத்தனை ரீடேக் வரை அதே சம்பளம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

ரீடேக் எப்படியும் வரும். கணினிக் குரல், காவலாளி என்றால் அந்த ஒரு வரியை மட்டும் வாங்கிப் பொருத்திவிடலாம். காதலர்கள் வரி என்றால் "ஒரு வரிதானே" என்று அவளிடம் மட்டும் கேட்காதீர்கள். அவனையும் கூப்பிட்டு, முந்தைய நாலு வரியிலிருந்து இருவரையும் மறுபடி பேசவிட்டு, அதிலிருந்து வேண்டிய வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.