சொட்டுநீரை எவ்வளவு நேரம் விடுவது? மண்ணைத் தோண்டிப் பார்த்து முடிவு செய்யும் முறை

பெங்களூருவில் வேலையும் கோலாரிலோ ஓசூர்ப் பக்கத்திலோ கொஞ்சம் நிலமுமாக இருக்கும் நம்மவர்கள் பலர், போர்வெல் மோட்டாரைக் கைப்பேசியிலேயே இயக்கி நிறுத்துகிறார்கள். வசதிதான், ஆனால் எத்தனை நிமிடம் விட வேண்டும் என்பதை மண்தான் சொல்லும்.

முதலில், சொட்டுவானிலிருந்து, அதாவது குழாயில் நீர் சொட்டும் சிறு முனையிலிருந்து, வரும் நீரை அளந்துகொள்ளுங்கள். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவானின் அடியில் பாத்திரம் வைத்தால், 15 நிமிடத்தில் 1 லிட்டர் சேர வேண்டும். குழாயின் தொடக்கத்திலும் கடைசியிலும் அளந்து, கடைசியில் குறைந்தால், முனை மூடியைத் திறந்து கலங்கல் போகும்வரை நீரை ஓடவிட்டு, வடிகட்டியையும் கழுவுங்கள்.

அடுத்து, தேவையைக் கணக்கிடுங்கள். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் 1 லிட்டர். மரக்கன்றின் நிழல் விழும் பரப்பு 4 சதுர மீட்டர், அன்றைய ஆவியாதல் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 20 லிட்டர். பயிருக்கு அதில் 70 சதவீதம் போதுமென்றால் 14 லிட்டர். கன்றுக்கு நான்கு சொட்டுவான்கள் இருந்தால், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக விட்டால் போதும்.

இந்தக் கணக்கு தொடக்கத்துக்கு மட்டுமே. நீர் விட்ட மறுநாள், சொட்டுவானிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒன்றரை அடி ஆழம் தோண்டி, அடிமண்ணைக் கைப்பிடிக்குள் அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உடைந்தால் ஈரம் சரியாக இருக்கிறது. பிடிக்கும்போதே உதிர்ந்தால் போதவில்லை. உள்ளங்கையில் நீர் கசிந்தால், வேரைத் தாண்டி வீணாகிறது என்று நேரத்தைக் குறைத்துவிடலாம். மணல் கலந்த செம்மண்ணில் நீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கிவிடும் என்பதால், அதே அளவைக் காலையும் மாலையுமாகப் பிரித்து விடுவது நல்லது. கரிசலில் அகலமாகப் பரவும். அங்கே அப்படிப் பிரித்து விடத் தேவையில்லை. கையோடு, காய்ந்த சருகையோ வைக்கோலையோ நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் உப்பு, ஈரம் பரவி நிற்கும் விளிம்பில் வெண்படலமாகப் பூக்கும். நீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் மின்கடத்துதிறன், மீட்டருக்கு 3 டெசிசீமனை (dS/m) தாண்டினால், பெரும்பாலான பயிர்களுக்குக் கடும் சிக்கல்தான். கோடை முடிந்து முதல் தூறல் விழுந்ததும் மோட்டாரை நிறுத்திவிடுவது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் விளிம்பில் தேங்கிய உப்பு அந்தத் தூறலில் கரைந்து வேருக்கே திரும்பிவிடும். ஆகவே, கனமழை பெய்து உப்பு வேருக்குக் கீழே கழுவப்படும்வரை, தூறலின்போதும் சொட்டுநீரை ஓடவிடுங்கள்.